பம்புசெட்டின் சாவி யார் கையில்?

விஞ்ஞானம் வளர்கிறது, யுகம் மாறுகிறது என்று முதலாளிகளின் பத்திரிகைகள் நாள் தவறாமல் எழுதுகின்றன. வளரட்டும், மாறட்டும். உழைப்பின் பாரத்தைக் குறைக்கிற கருவி எதுவானாலும் உழைப்பாளி அதை இரு கரம் நீட்டி வரவேற்பான். ஆனால் புதுக் கருவி ஒன்று வாசலுக்கு வரும்போதெல்லாம் அவன் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதன் சாவி யார் கையில் இருக்கிறது?

தாமிரபரணிச் சீமைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1880-களில் ஹார்வி கம்பெனியார் விக்கிரமசிங்கபுரத்தில் மில் வைத்தபோது, பாபநாசத்தில் விழுகிற தண்ணீரின் விசையைக் கொண்டுதான் கதிர்களை ஓட்டினார்கள். ஆறு பொதிகை மலையில் பிறந்தது. ஜனங்களின் பொதுச் சொத்து. அதன் விசையோ வெள்ளை முதலாளியின் லாபத்துக்குச் சுழன்றது. பின்னர் 1944-ல் பாபநாசத்தில் மின்சார நிலையம் வந்தது. கம்பி வழியே மின்சாரம் மில்லுக்கும் போயிற்று. காலப்போக்கில் கிணற்று மேட்டுக்கும் வந்தது. இன்று அதே கிணற்று மேட்டில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், இன்னொரு சின்னப் பெட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. கம்பியில்லாமல் வருகிற உத்தரவைக் கேட்டு மோட்டாரைப் போடுகிற பெட்டி!

வீடுகளிலும் இதே கதைதான். செல்போனைத் தொட்டால் எரியும் விளக்கு, மாடித் தொட்டி நிரம்பினால் தானே நிற்கும் மோட்டார், துபாயிலிருந்து மேலப்பாளையத்து வாசல் விளக்கை அணைக்கும் சுவிட்ச் என்று கடைகளில் குவிகின்றன. இவற்றில் எது நல்லது, எது கெட்டது? எதை நம் கையாலேயே மாட்டிப் பழுது பார்க்கலாம்? எது கம்பெனிக்காரனிடம் நம்மை அடகு வைக்கும்? இதைத் தெரிந்துகொள்வது பணக்காரன் வீட்டுப் பொழுதுபோக்கு அல்ல. சர்க்காரே மானியம் கொடுத்து விற்கிற கருவி இது. அதைத் தொட்டு வேலை செய்யப் போவது விவசாயத் தொழிலாளியும் ஊர் எலெக்ட்ரீஷியனும்தான்.

இருட்டில் நடப்பவன் யார்?

முதலில் இந்தக் கருவி ஏன் வேண்டியிருக்கிறது என்று பார்ப்போம்.

ஆற்றுக்கால்களின் பாய்ச்சலில் இருக்கிற வயலுக்கு மடை திறந்தால் தண்ணீர் வரும். ஆனால் மானூர், ராதாபுரம், வள்ளியூர் போன்ற வட்டாரங்களில் கிணறும் மோட்டாரும் இல்லாமல் பயிர் இல்லை. மும்முனை மின்சாரத்தை முறை வைத்துத் தருகிற இடங்களில், இராத்திரி முறை வந்துவிட்டால் யாராவது ஒருவர் எழுந்து போய் மோட்டாரைப் போடவேண்டும். வரப்பிலே பாம்பு, கிணற்று மேட்டிலே ஈரம், கையிலே ஒரு டார்ச் விளக்கு. போகிறவர் யார்? நிலத்துக்காரர் பெரிய ஆளாக இருந்தால் அவர் போகமாட்டார். கூலிக்கு நிற்கிறவர்தான் போவார். சின்ன விவசாயியாக இருந்தால் அவரே போவார். அல்லது அவர் வீட்டுப் பெண் போவாள். போன இடத்தில் மின்சாரம் நின்றிருந்தால், வரும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டும்.

செல்போன் ஸ்டார்ட்டர் இந்த நடையை மிச்சப்படுத்துகிறது. பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. அந்த நம்பரைக் கூப்பிட்டு, சொல்லியிருக்கிற எண்ணை அழுத்தினால் உள்ளே இருக்கும் ரிலே இழுக்கும், ஸ்டார்ட்டர் பிடிக்கும், மோட்டார் ஓடும். மூன்று முனையில் ஒன்று இல்லை என்றாலோ, கிணற்றில் தண்ணீர் வற்றிப் பம்பு வெறுமனே சுற்றினாலோ, மோட்டாரை நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லும் பெட்டிகளும் உண்டு. காயில் கருகிப் போனால் திரும்பக் கட்ட ஆயிரக்கணக்கில் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே கருவி நல்ல கருவிதான். தமிழக சர்க்காரின் வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடி, பெண் விவசாயிகளுக்கும் ரூ.7,000 வரை, மற்றவர்களுக்கு ரூ.5,000 வரை என்பது கணக்கு.

மானியப் பணம் ஜனங்களின் வரிப்பணம். அதைக் கொடுத்து வாங்குகிற பெட்டி ஜனங்களுக்குக் கட்டுப்பட்டிருக்கிறதா, கம்பெனிக்குக் கட்டுப்பட்டிருக்கிறதா? இதுதான் விஷயம்.

மூன்று வழிகள்

கம்பியில்லாமல் உத்தரவு போவதற்கு இன்று முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, செல்போன் டவர் வழி. இதன் சிறப்பு தூரம். டவர் எட்டுகிற இடமெல்லாம் எட்டும். நாங்குநேரிக் கிணற்றைச் சென்னையிலிருந்தும் போடலாம். குறை என்ன? சிம் கார்டுக்குப் பணம் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் இலவசம்; மோட்டாரைக் கூப்பிடுவதற்குக் கட்டணம்! 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. இண்டர்நெட் வேண்டாம், பேசவும் எஸ்.எம்.எஸ். அனுப்பவும் மட்டும் திட்டம் வைக்கவேண்டும் என்று டிராய் உத்தரவு போடுவதற்கு அந்த வருஷம் டிசம்பர் ஆயிற்று. இன்னொன்று: பழைய ரகப் பெட்டிகள் 2ஜி அலையில் மட்டுமே பேசும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது; அதன் சிம்மைப் போட்டால் அந்தப் பெட்டி ஊமை. ஆகவே 2ஜி நடத்துகிற கம்பெனி அதை நிறுத்துகிற நாளில் பெட்டி வெறும் தகரம் ஆகிவிடும்.

அப்படியும் நடக்குமா என்று கேட்கலாம். நம் கண் முன்னாலேயே நடந்தது. தமிழ்நாட்டில் முளைத்து, தமிழ்நாட்டிலேயே லட்சக்கணக்கானோர் கையில் இருந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் டவர்கள் அணைந்து படுத்துவிட்டது. அந்த மாதக் கடைசியிலேயே திவால் மனுப் போட்டது. நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள ஜனங்கள் கடை வாசலில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். கையில் இருக்கும் செல்போனுக்கு அது ஒரு தொல்லை. பயிர் வாடும்போது கிணற்று மேட்டுப் பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்கு அப்படி ஆனால் அது ஒரு போகத்தின் நஷ்டம்.

இரண்டாவது, வைபை வழி. வீட்டுக்குள் இண்டர்நெட் பெட்டி இருந்தால் அதையே பிடித்துக்கொண்டு வேலை செய்யும் சுவிட்சுகள், பல்புகள், பிளக்குகள். விலை மலிவு, மாட்டுவது சுலபம். ஆனால் சில பத்து மீட்டர் தூரம்தான் எட்டும். சுவர் குறுக்கே வந்தால் அதுவும் குறையும். கிணற்று மேட்டுக்கு உதவாது. இதைவிடப் பெரிய குறை வேறொன்று. இந்த ரகத்தில் மிகப் பல, கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கேட்காமல் அசையமாட்டா. அறையின் இந்த மூலையில் உட்கார்ந்து அந்த மூலையில் எரியும் விளக்கை அணைக்க, உத்தரவு எங்கோ வெளிநாட்டிலுள்ள கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வருகிறது! இண்டர்நெட் அறுந்தால், அல்லது கம்பெனி கதவைச் சாத்தினால், செல்போனைத் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

மூன்றாவது, சிறு ரேடியோ வழி. இதற்கு டவரும் வேண்டாம், சிம்மும் வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம். வீட்டுக்குள் பயன்படுவது ஜிக்பி, இசட்-வேவ் என்ற இரண்டு ரகம். ஜிக்பி பல கம்பெனிகள் சேர்ந்து வகுத்த பொது முறை. அதில் மின்சாரத்தோடு இணைத்திருக்கும் ஒவ்வொரு கருவியும் பக்கத்துக் கருவிக்குச் சேதியைக் கைமாற்றிக் கொடுக்கும். நாற்று நடும்போது வரிசையில் முடியைக் கைமாற்றுவதைப் போல. இசட்-வேவ் டென்மார்க்கில் பிறந்தது. அதன் சிப் நீண்ட காலம் ஒரே கம்பெனியின் பிடியில் இருந்தது. அதோடு, நாட்டுக்கு நாடு அலைவரிசை வேறு. இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. வளைகுடாவில் 868-ஐ ஒட்டி. துபாயிலிருந்து மகன் ஆசையோடு வாங்கி வந்த இசட்-வேவ் சுவிட்ச், இங்கே வாங்கியதோடு பேசாது. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். நாம்தான் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

வயலுக்கு ஏற்றது லோரா என்கிற ரேடியோ. சிப்பின் காப்புரிமை ஓர் அமெரிக்கக் கம்பெனியிடம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் திறந்த வெளியில் சில கிலோமீட்டர் தூரம் எட்டும். மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். 865 மெகாஹெர்ட்ஸை அடுத்த அலையில் குறிப்பிட்ட சக்திக்குள் லைசென்ஸ் இல்லாமலே உபயோகிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ‘போடு’, ‘நிறுத்து’, ‘மின்சாரம் இருக்கிறதா’ என்ற மூன்று சேதிக்கு இது தாராளமாகப் போதும். ஊருக்கும் கிணற்றுக்கும் ஒரு மைல், இரண்டு மைல் தூரம் என்றால், மாதாமாதம் டவர் முதலாளிக்குக் கப்பம் கட்டவேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் கடையில் எது கண்ணில் படுகிறது? டவர் பெட்டி! மானியப் பட்டியலில் எது நிற்கிறது? அதுவும் ‘செல்போன் மூலம் இயங்கும்’ பெட்டி! ஒரு முறை விற்றுவிட்டு ஒதுங்குவதைவிட, மாதா மாதம் கறக்கிற பசு முதலாளிக்கு உசத்தி அல்லவா?

வாங்கியவனுக்கு அது சொந்தமா?

வழி எதுவானாலும், பெட்டி நமக்குச் சொந்தமாக இருந்தால் சரிக்கட்டிக் கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கியவனுக்குக்கூட அது சொந்தமில்லை என்பதுதான் இந்தக் காலத்து முதலாளித்துவம் கண்டுபிடித்திருக்கும் புதுத் தந்திரம். உலக அனுபவத்தைப் பாருங்கள்.

அமெரிக்காவில் ரிவால்வ் என்று ஒரு பெட்டி விற்றார்கள். விலை 300 டாலர். ஆயுள் முழுவதும் சேவை என்று வாக்குறுதி. கூகுளைச் சேர்ந்த நெஸ்ட் கம்பெனி 2014-ல் அதை விலைக்கு வாங்கியது. 2016 மே மாதம் அதன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் நல்ல நிலையில் இருந்த பெட்டிகள் ஒரே நாளில் செத்தன. ஆயுள் முழுவதும் என்றார்களே, அது யாருடைய ஆயுள்? கம்பெனியின் லாபக் கணக்கின் ஆயுள்!

விங்க் என்று இன்னொரு கம்பெனி. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில் ஜனங்கள் வேலையிழந்து வீட்டில் முடங்கியிருந்த நேரம். இனிமேல் மாதம் 4.99 டாலர் கட்டவேண்டும், இல்லாவிட்டால் பெட்டி ஓடாது என்று ஒரு வாரத் தவணை கொடுத்து நோட்டீஸ் விட்டது. இன்ஸ்டியான் என்ற கம்பெனி அந்த நோட்டீஸ்கூட விடவில்லை. 2022 ஏப்ரலில் சொல்லாமல் கொள்ளாமல் கம்ப்யூட்டரை நிறுத்தியது. 2024 ஜனவரியில் ஹையர் கம்பெனியின் ஐரோப்பியக் கிளை என்ன செய்தது? அதன் ஏர்கண்டிஷனர் போன்ற சாமான்களை வாங்கியவர்கள் தங்கள் சொந்த முறையில் இயக்குவதற்கு ஒருவர் இலவசமாக எழுதிக் கொடுத்திருந்த புரோகிராமை எடுத்துவிடும்படி வக்கீல் பாஷையில் மிரட்டியது. உபயோகிப்பாளர்கள் உலகெங்கும் கூச்சல் போட்ட பிறகு இறங்கி வந்தது.

இந்தக் கதைகளில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை நாம் கவனிக்க வேண்டும். இன்ஸ்டியான் அணைந்த அன்று எல்லோர் வீடும் இருண்டு போகவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்து, பெட்டியின் பாஷையைத் தெரிந்துகொண்டு, கம்பெனியைக் கேட்காமல் நேரே உத்தரவு கொடுக்கக் கற்றிருந்தவர்கள் வீட்டில் விளக்கு வழக்கம்போல் எரிந்தது. ஹோம் அசிஸ்டெண்ட் என்ற இலவச ஏற்பாடு 2013-ல் தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்கள், ஒரு பைசா கூலி இல்லாமல், உலகத்தின் பல மூலைகளிலிருந்து சேர்ந்து கட்டிய பொதுச் சொத்து அது. 2014-ல் சீனாவின் எஸ்பிரெஸ்ஸிப் கம்பெனி மிக மலிவான வைபை சிப் ஒன்றை விட்டது. விளக்கக் குறிப்புகள் முதலில் சீன மொழியில்தான், அதுவும் அரைகுறையாக இருந்தன. உபயோகிப்பாளர்களே மொழிபெயர்த்தார்கள், சோதித்தார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று அந்தச் சிப்பும் அதன் தம்பிகளும் இல்லாத ஊர் இல்லை. கூட்டு உழைப்பு எதைச் சாதிக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கம்பெனிகளிலும் வித்தியாசம் இருக்கிறது. பல்கேரியாவின் ஷெல்லி, தன் சுவிட்சுக்கு நேரே உத்தரவு கொடுக்கும் முறையை வெளிப்படையாக அச்சிட்டுத் தருகிறது. கம்பெனி கம்ப்யூட்டர் இல்லாமலும் அது ஓடும். சீனாவின் ஸோனாப் சில ரகங்களுக்கு அப்படிச் செய்கிறது. தர்மத்துக்கு அல்ல; தாங்களே மாட்டிக்கொள்பவர்கள் அதிகம் வாங்குகிறார்கள் என்ற லாபக் கணக்குத்தான். ஒன்றோடொன்று பேசாத பெட்டிகளால் ஜனங்கள் சலித்துப்போனதைக் கண்டு, கூகுள், ஆப்பிள், அமேசான் முதலிய ஏகபோகங்களே 2022-ல் மேட்டர் என்ற பொது முறைக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வாங்குகிறவர்கள் ஒற்றுமையாக நின்று கேட்டால், மூடிய கதவும் திறக்கும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

மூடியின் உள்பக்கம்

இப்போது நம் கிணற்று மேட்டுக்குத் திரும்புவோம்.

பழைய ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கத்தில் வயரிங் படம் இருக்கும். காயில் போனால் காயில் கிடைக்கும். காண்டாக்ட் தேய்ந்தால் காண்டாக்ட் கிடைக்கும். ரிலே போனால் ரிலே கிடைக்கும். மில்லில் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஊர்ச் சனங்களுக்கு உதவுகிற எலெக்ட்ரீஷியன், ஒரு ஸ்குரூ டிரைவரும் டெஸ்டரும் கொண்டு ஒரு மணி நேரத்தில் ஓட்டிவிடுவார். அந்த ஒரு படம், இயந்திரத்தின் சாவியை ஊரிடம் கொடுத்தது.

புதுப் பெட்டியைத் திறந்தால் என்ன? சிலவற்றில் போர்டு முழுவதும் கறுப்புப் பிசினை ஊற்றி மூடியிருக்கிறது. ஈரம் புகாமல் இருக்க என்பார்கள். சிப்பின் மேல் இருந்த நம்பரையும் சுரண்டியிருக்கிறார்களே, அது எந்த ஈரத்துக்காக? படம் இல்லை, உதிரி சாமான் இல்லை, தமிழில் ஒரு குறிப்பு இல்லை. “அண்ணாச்சி, இது நம்ம கையில இல்ல, போர்டையே கம்பெனிக்கு அனுப்பணும்” என்கிறார் மெக்கானிக். “எத்தனை நாள் ஆகும் தம்பி?” என்று கேட்டால் அவர் வானத்தைப் பார்க்கிறார். பயிர் அவரைப் பார்க்கிறது.

பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு வருகிற பையனுக்குக் கை இருக்கிறது, மூளை இருக்கிறது. படம் மட்டும் கிடைத்தால் அவன் அந்தப் போர்டைப் பழுது பார்ப்பான். அதைவிட நல்ல போர்டையும் செய்வான். படத்தை மறைப்பதால் கம்பெனி அவன் பிழைப்பையும் பறிக்கிறது. விவசாயியின் பயிரையும் அடகு வாங்குகிறது.

இது நம் நாட்டு நோய் மட்டும் அல்ல. அமெரிக்காவில் டிராக்டரைச் சொந்தமாகப் பழுது பார்க்கவிடாமல் புரோகிராம் பூட்டுப் போட்ட கம்பெனிகளை எதிர்த்து விவசாயிகள் வருஷக்கணக்கில் போராடினார்கள். கொலராடோ மாகாணம் 2023-ல் விவசாய இயந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. இங்கே மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் ஒரு கமிட்டி போட்டது; விவசாயக் கருவிகளும் அதன் பட்டியலில் இருந்தன. அந்த டிசம்பரில் இண்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார்கள். விவரம் தர மனமுள்ள கம்பெனி அதில் தரலாம். மனமில்லாத கம்பெனியை அந்தப் பக்கம் கட்டாயப்படுத்தாது. பக்கம் சட்டம் ஆகுமா?

மில் தொழிலாளித் தோழர்களுக்கு இந்தப் பூட்டு புதிதல்ல. ரிங் பிரேமில் இழை அறுவதை எண்ணுகிற ஸென்ஸார், மோட்டாரின் வேகத்தை மாற்றுகிற டிரைவ் எல்லாவற்றுக்கும் கம்பெனி பாஸ்வேர்டு போடுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இருபது வருஷம் அந்த மிஷினோடு வாழ்ந்த பிட்டர் கை கட்டி நிற்க, கம்பெனி ஆள் வந்து திறந்து காட்டிவிட்டுப் போகிறான்.

தூரத்தில் விரல், கிணற்றில் கை

இதுவரை பணத்தைப் பற்றிப் பேசினோம். இனி உயிரைப் பற்றி.

பழைய முறையில் மோட்டாரைப் போடுகிறவர் கிணற்று மேட்டில் நின்றுதான் போடவேண்டும். கீழே ஆள் இருக்கிறாரா என்று அவர் கண் பார்க்கும். புது முறையில் போடுகிறவர் பத்து மைலுக்கு அப்பால், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கலாம். கிணற்றில் யார் இறங்கியிருக்கிறார், பம்பின் பெல்ட்டில் யார் கை வைத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. ஓர் எண்ணை அழுத்துவார், மோட்டார் சுற்றும். ஆட்டோ முறையில் வைத்திருந்தால் யாரும் அழுத்தவே வேண்டாம். நின்ற மின்சாரம் வந்தவுடன் தானே ஓடும்.

தோழர்கள் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். போனில் மோட்டாரை ‘நிறுத்தி’விட்டால் மின்சாரம் நின்றதாக அர்த்தமில்லை. ஸ்டார்ட்டர் வரைக்கும் மும்முனையும் உயிரோடுதான் இருக்கும். மோட்டாரையோ பம்பையோ வயரையோ தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளவேண்டும். பீஸ் கட்டைகளை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். அல்லது மெயின் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வேலை செய்கிறவரே வைத்துக்கொள்ள வேண்டும். நிலத்துக்காரர் அவசரப்படுத்தினாலும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ‘சாவி யார் கையில்’ என்ற கேள்விக்கு இங்கே ஒரே பதில்தான்: யாருடைய உயிர் ஆபத்தில் இருக்கிறதோ, அவர் கையில்!

தூரத்து உத்தரவை அறவே துண்டித்துக் கைமுறைக்கு மாற்றும் சுவிட்ச் இல்லாத பெட்டிக்கு மானியம் கொடுப்பதே தவறு. அந்தச் சுவிட்சுக்கு ஆகும் செலவு சொற்பம். அது இல்லாததால் போகும் உயிருக்கு விலை உண்டா?

கூலியும் கணக்கும்

மோட்டார் தானே ஓடும்போது தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு எதற்கு முழுக் கூலி என்று சில நிலத்துக்காரர்கள் கேட்கத் தொடங்குவார்கள். இதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். பெட்டி மோட்டாரைத்தான் போடும். அது வாய்மடையை வெட்டாது. வரப்பு உடைந்தால் அடைக்காது. மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும் தண்ணீரைப் பங்கிடாது. அதற்கு மண்வெட்டி பிடிக்கிற கை வேண்டும். மிச்சமானது இராத்திரி நடை மட்டுமே. அந்த நடைக்குத் தனிக் கூலி யாரும் கொடுத்ததில்லையே! கொடுக்காத கூலியை எப்படிக் குறைப்பது?

இன்னொரு சங்கதி. இந்தப் பெட்டிகளில் பல, மோட்டார் எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது என்று கணக்கு வைக்கின்றன. அந்தக் கணக்கு முதலாளியின் போனில் இருக்கிறது. மில்லிலும் ஸென்ஸாரின் கணக்கு மானேஜரின் மேஜையில் இருக்கிறது. தொழிலாளி எத்தனை நேரம் ‘சும்மா’ நின்றான் என்று காட்ட அந்தக் கணக்கு வெளியே வரும். எத்தனை மணி நேரம் கூடுதலாக உழைத்தான் என்று காட்ட வராது. அந்தக் கணக்கு இரு தரப்புக்கும் திறந்திருக்க வேண்டும். இராத்திரி 11 மணி முதல் 3 மணி வரை மோட்டார் ஓடியது என்று பெட்டியே சாட்சி சொன்னால், அந்த நேரத்தில் மடை மாற்றியவருக்கு நாலு மணி நேரக் கூலி உண்டு என்பதற்கும் அதுவே சாட்சி!

வாங்கும் முன் கேளுங்கள்

பெட்டி வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஐந்து கேள்வி கேட்கட்டும். கம்பெனியின் கம்ப்யூட்டரோ இண்டர்நெட்டோ இல்லாமல் இது ஓடுமா? எந்தக் கம்பெனியின் சிம் போட்டாலும், 2ஜி நின்றாலும் வேலை செய்யுமா? வயரிங் படம் எங்கே? ரிலேயும் போர்டும் தனியாக உதிரியாகக் கிடைக்குமா? தூரத்து உத்தரவை அணைக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறது? ஐந்துக்கும் பதில் சொல்லாத பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்டால் பதில் இன்னும் சீக்கிரம் வரும்.

நாம் கோருவது

தனி ஆள் கேள்வி கேட்பதோடு இது தீராது. விவசாய சங்கமும், விவசாயத் தொழிலாளர் சங்கமும், மில் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து சர்க்காரிடம் கேட்கவேண்டியவை இவை:

1. மானியம் பெறும் ஒவ்வொரு பெட்டியும் கம்பெனியின் கம்ப்யூட்டர் இல்லாமல் இயங்க வேண்டும். வயரிங் படமும் உத்தரவுக் குறியீடுகளும் தமிழில் அச்சிட்டு மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.

2. சிம் இல்லாத ரேடியோ பெட்டிகளும் மானியப் பட்டியலில் சேர வேண்டும். எது வேண்டும் என்பதை விவசாயியே தீர்மானிக்கட்டும்.

3. தூரத்து உத்தரவைத் துண்டிக்கும் சுவிட்சும் பூட்டுப் போடும் வசதியும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

4. குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு உதிரி சாமான் கிடைக்கக் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும். கம்பெனி மூடினால் புரோகிராம் பொதுச் சொத்தாக வேண்டும்.

5. ஐ.டி.ஐ.களில் இந்தப் பெட்டிகளைச் செய்யவும் பழுது பார்க்கவும் பாடம் வைக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் வட்டாரந்தோறும் பழுது பார்க்கும் பட்டறை வேண்டும்.

6. பழுது பார்க்கும் உரிமை சட்டமாக வேண்டும்.

இவற்றில் எது நடக்க முடியாதது? ஒன்றுமில்லை. கொலராடோவில் சட்டம் வந்தது. பல்கேரியாக் கம்பெனி பாஷையைத் திறந்து வைத்தது. வக்கீலை வைத்து மிரட்டிய ஹையர் இறங்கி வந்தது. எல்லாம் கேட்டதால் வந்தவை. தானாக வந்தது ஒன்றுமில்லை. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் ஹார்வி கம்பெனியிடம் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்து வாங்கியதும் அப்படித்தான்.

கம்பியில்லாத கருவி நமக்கு எதிரி அல்ல. இராத்திரி இருட்டிலிருந்து தொழிலாளியை மீட்கிற கருவி நம் தோழன். அந்தத் தோழனைக் கம்பெனியின் பூட்டிலிருந்து மீட்பது நம் கடமை. ஊர்தோறும் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். மூடியின் உள்பக்கத்துப் படம் திரும்ப வரட்டும்! சாவி உழைப்பவன் கைக்கு வரட்டும்!